ஒரு நாள் தாமதமாக வந்த வயலின்

மாலை ஆறு மணி நான்கு நிமிடத்துக்கு, நூற்று நாற்பத்திரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஆவுடைநாயகி வயலினில் வில்லை இழுத்தாள், சத்தம் வரவில்லை. 2012 டிசம்பர் 22, சனிக்கிழமை. அம்பாசமுத்திரம் நாதானந்த சபாவின் ஒன்பது நாள் இசைவிழாவில் அது முதல் நாள். ஊரில் நாளுக்குப் பதினான்கு மணி நேரம் மின்சாரம் இல்லாத காலம் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; மைக் செத்துக் கிடந்தது, விளக்குக்கும் நான்கு மின்விசிறிக்கும் மட்டுமே தாங்கும் வாடகை ஜெனரேட்டர் மண்டபத்துக்குப் பின்னால் லாரி மேடேறுவது போல இரைந்துகொண்டிருந்தது, பாட்டே பாதிதான் காதில் விழுகிறது, இதில் வயலின் விழாததில் என்ன அதிசயம் என்று இருந்துவிட்டார்கள்.

ஆவுடைநாயகிக்குத் தெரிந்தது. வில் கம்பியில் படிந்தது, கம்பி விரலுக்கடியில் துடித்தது, மரம் எப்போதும்போல நெஞ்செலும்பில் அதிர்ந்தது, சத்தம் மட்டும் இல்லை. பக்கவாத்தியம் வாசிக்கிறவர் கச்சேரி நடுவில் எழுந்து போகக் கூடாது என்பது அவளுக்குத் தெரிந்த சட்டங்களில் பழையது. எனவே அவள் எழவில்லை. ஜவுளிக்கடை சங்கரபாண்டியன் பாடிய வர்ணத்துக்கும் கல்யாணிக்கும் கடைசி மங்களத்துக்கும் இரண்டு மணி நேரம் சத்தமில்லாமல் வாசித்துவிட்டு, வயலினைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, வீட்டுக்குப் போனாள்.

அந்தச் சபாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூர் வித்வான்கள் மார்கழியில் சென்னையை விட்டு நகர மாட்டார்கள் என்பதால் ஊர்க்காரர்களே பாடி ஊர்க்காரர்களே கேட்கும் விழா அது. ஆண்டு முழுவதும் துணி கிழித்தவர்களும் மருந்துச்சீட்டு எழுதியவர்களும் கடன் மனுவில் கையெழுத்துப் போட்டவர்களும் ஒரே ஒரு மாலைக்கு ஜரிகை வேட்டியும் பட்டுப்புடவையும் உடுத்தி மேடையேறி, தொண்டையைச் செருமி, வித்வான்களாகிவிட்டு மறுநாள் காலை மறுபடி கடை திறப்பார்கள். எட்டு நாள் எட்டுப் பேர் பாடுவார்கள். ஒன்பதாம் நாளுக்கு மட்டும் எங்கிருந்தாவது ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிவருவார்கள். யார் பாடினாலும் வயலின் தபாலாபீஸ் ஆவுடை, மிருதங்கம் கணக்கு வாத்தியார் ஞானதிரவியம். இருபத்தைந்து வருஷமாக அப்படித்தான். இந்த இருபத்தைந்தில் தனியாக ஒரு கச்சேரி ஆவுடைநாயகிக்குக் கொடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, சுவரைப் பாடச் சொல்ல யாருக்குத் தோன்றும்? இந்த வருஷம்தான், அழைத்தவர் யாரும் வராததால், அழைப்பிதழில் அச்சாகியிருந்தது: 30-12-2012 ஞாயிறு, மாலை 6 மணி, வயலின் தனிக்கச்சேரி, திருமதி த. ஆவுடைநாயகி. அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. அந்த அழைப்பிதழில் ஒன்றைத் தபாலாபீஸ் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலும் ஒன்றை வீட்டு அலமாரிக் கதவின் உட்புறத்திலும் வைத்திருந்தாள். கதவைத் திறக்கும்போதெல்லாம் படிப்பாள்.

இரண்டாம் நாள் வங்கி மேலாளர் மீனலோசனி. ஆறு மணிக்குச் சொல்லி ஆறு மணிக்கே பாட ஆரம்பிக்கிற ஒரே ஆள். மின்சாரமும் அன்று இருந்தது. அவர் வயலின் சேராத தொடக்கச் சுலோகத்தைப் பாடிக்கொண்டிருந்த நான்காவது நிமிடத்தில், ஆவுடைநாயகி வில்லைக் கையிலெடுப்பதற்கு முன்பே, மேடையில் அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து வயலின் கணீரென்று கேட்க ஆரம்பித்தது. வேறு பாட்டு. வேறு சுருதி.

மீனலோசனி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார். "என்ன ஆவுடையக்கா, வில்லையே எடுக்கல, அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டீங்க?"

"நான் இல்ல மேடம். இது நேத்து வாசிச்சது."

"நேத்து வாசிச்சதா?" மீனலோசனி ஒரு நிமிடம் கேட்டார். "சரிதான். நேத்து டோக்கன் வாங்கின ஆளு இன்னைக்கு கவுண்டருக்கு வந்திருக்காரு. அதுக்காக நாம கடையச் சாத்த முடியுமா? பாடுவோம்."

பாடினார். இரண்டு சுருதியும் மோதியதில் முன்வரிசையில் இருவருக்குப் பல் கூசியது. ஞானதிரவியம் வாத்தியார் மட்டும் மிருதங்கத்தின்மேல் சாய்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். "கல்யாணியில சங்கரபாண்டியன் தடுமாறுனாரே தங்கச்சி, அந்த இடத்துல நீ ஒரு வட்டம் சும்மா ஓட்டி அவரக் கரை சேத்தியே, அதுவும் வருது பாரு. துல்லியமா வருது." ஆவுடைநாயகி தலையாட்டினாள். அவள் அப்போதும் மீனலோசனிக்குச் சத்தமில்லாமல் வாசித்துக்கொண்டுதான் இருந்தாள்.

திங்கட்கிழமை காலை விழாக் குழு கூடியது. சபாத் தலைவர் டாக்டர் திருமலைக்கொழுந்தின் மருத்துவமனையில் கூடியதால், ஊசிக்கும் மருந்துக்கும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரும் கலந்துகொண்டார்கள். டாக்டருக்கு எழுபத்திரண்டு வயது. ஊரில் பாதிப் பேர் பிறந்தபோது பிரசவம் பார்த்தவர், முப்பது வருஷமாக விழாவின் எட்டாம் நாளில் தோடி பாடுகிறவர். பக்கவாத்தியக்காரர்களைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அவருக்கில்லை. ராகம் பாடி முடித்து வயலினுக்கு விட்டதும் சரியாக இரண்டு நிமிடத்தில் இடக்கையை உயர்த்துவார், வயலின் நிற்கும், அவர் தொடர்வார்.

அவர் வயலினை மேஜையில் கிடத்தி, ஆவுடைநாயகியை வில்லிழுக்கச் சொல்லி, அதன் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். "உள்ள நல்லாத்தான் ஓடுது. வெளிய வரத்தான் ஒரு நாளாவுது."

"எனக்கும் அதே கேசுதான் டாக்டர்" என்றார் பெஞ்சிலிருந்த ஒருவர்.

ஏன் இப்படி ஆனது என்று யாரும் கேட்கவில்லை. ஏன் என்று ஆரம்பித்தால் மின்சாரம் ஏன் வரவில்லை என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதற்கு நேரமில்லை. தபாலாபீஸில் அவளோடு வேலை பார்ப்பவர்களுக்கோ இதில் ஆச்சரியப்படவே ஒன்றுமில்லை. இன்று போட்டது நாளை போய்ச் சேருவது அவர்கள் கணக்கில் நல்ல சேவை. குழுவின் முன்னால் இருந்த கேள்வி ஒன்றுதான்: மீதி ஏழு நாளை எப்படி ஓட்டுவது?

"வயலின் இல்லாம நடத்திருவோம்" என்றார் டாக்டர். "ஒம்பதாம் நாளத்தான் என்ன செய்யன்னு தெரியல. நீ அன்னைக்கு வாசிச்சா அது திங்கக்கிழமை கேக்கும். திங்கக்கிழமை மண்டபத்துல யார் வீட்டு நிச்சயதார்த்தமோ இருக்கு. எம்மா ஆவுடை, ஒன் கச்சேரிய அடுத்த வருஷம் வச்சுக்கிடுவோமே."

ஆவுடைநாயகி வயலினைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னு நானும் கேட்டாச்சு டாக்டர். எனக்கு இந்த வருஷம்தான் வேணும்."

அவள் குழுவில் பேசியது அதுவே முதல் முறை. பெஞ்சிலிருந்தவர்கள் கால்களைக் கீழே போட்டு நிமிர்ந்தார்கள். ஞானதிரவியம் வாத்தியார் மருந்துக் கம்பெனி கொடுத்த குறிப்புத்தாளில் கட்டம் கட்டமாகக் கோடு போட ஆரம்பித்தார். பத்து நிமிடத்தில் நிமிர்ந்தார். "கணக்கு நேராகும். தங்கச்சி ஒவ்வொரு நாளும் மறுநாள் பாடுறவருக்கு வாசிக்கணும், அவ்வளவுதான். சத்தம் வாசிச்ச இடத்துல வாசிச்ச நேரத்துலதான் வருது, அதனால மேடையிலதான் ஒக்காந்து வாசிக்கணும். எட்டாம் நாள் தன் கச்சேரிய வாசிச்சிட்டா, ஒம்பதாம் நாள் ஊர் கேக்கும். இன்னைக்கு ஒரு நாள்தான் இடிக்கி. இன்னைக்கு வரப்போறது நேத்து மேடத்துக்கு வாசிச்சது."

இன்றைய பாடகர் மின்வாரிய உதவிப் பொறியாளர் சுடலைமுத்து. மருத்துவமனை வாசலிலேயே நின்றிருந்தவர் அவசரமாக உள்ளே வந்து, மீனலோசனி மேடமே இன்றும் பாடட்டும், இந்த மின்வெட்டில் தான் மேடையேறினால் ராகத்தை யாரும் கேட்க மாட்டார்கள், ஏறியவுடன் கரண்டைத்தான் கேட்பார்கள் என்று மகிழ்ச்சியோடு தன் முறையை விட்டுக்கொடுத்தார்.

"அப்ப பாடுறவங்க எல்லாரும் என்ன பாடப்போறோம்னு ஒரு நாள் முன்னாடியே எழுதிக் குடுக்கணுமே" என்றார் டாக்டர். அது அவருக்குப் பிடிக்கவில்லை. மேடையில் உட்கார்ந்த பிறகு தோன்றுவதைப் பாடுவதுதான் சங்கீதம் என்று முப்பது வருஷமாகச் சொல்லிவருகிறவர்.

"எழுதித் தர வேண்டாம் டாக்டர்" என்றாள் ஆவுடைநாயகி. "நீங்க எல்லாரும் என்ன பாடுவீங்கன்னு எனக்குத் தெரியும்."

திங்கள் மாலை மீனலோசனி அதே புடவையில் வந்து அதே பாட்டுகளைப் பாடினார். இந்த முறை அதற்கென்றே வாசித்த வயலின் வந்தது. பக்கத்திலேயே ஆவுடைநாயகி கண்ணை மூடிக்கொண்டு, கேட்காத வயலினில், செவ்வாய்க்கிழமைக்கு வாசித்தாள். முதலில் பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியது. சத்தம் மேலே போகும்போது வில் கீழே வந்தது, பாட்டு நின்ற பிறகும் விரல்கள் ஓடின, குழந்தைகள் சிரித்தார்கள், இரண்டாம் வரிசையில் ஒருவர் எழுந்து பின்வரிசைக்குப் போனார். பிறகு பழகிவிட்டது. அம்பாசமுத்திரத்துக்காரர்கள் எதற்கும் மூன்று நாளில் பழகிவிடுவார்கள். கண்ணை மூடிக் கேட்டால் இன்றைய கச்சேரி, திறந்து பார்த்தால் நாளைய கச்சேரி என்று வைத்துக்கொண்டார்கள். கொஞ்சம் ஞானமுள்ளவர்கள் அவள் இடக்கையை உற்றுப் பார்த்து, "நாளைக்கு சங்கராபரணம்வே, பாத்துக்கிடும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

செவ்வாய் முதல் வெள்ளி வரையான நான்கு நாட்களில்தான் ஊருக்கு ஒன்று தெரியவந்தது. காப்பித்தூள் கடைக்காரர் அனுபல்லவி முடிந்ததும் இருமுவார். முந்தின நாள் வாசித்த வயலின் அந்த இருமலுக்கு இடம் விட்டு நின்றது. பள்ளித் தலைமையாசிரியை எப்போதும் ஆறு நிமிடம் தாமதமாக வருவார். வயலினும் ஆறு நிமிடம் கழித்தே ஆரம்பித்தது. தாசில்தார் உற்சாகம் வந்தால் வேகத்தைக் கூட்டிவிட்டு மூச்சு முட்டி நிற்பார்; அவருடைய உற்சாகம் எந்த வரியில் வரும், மூச்சு எந்த வரியில் போகும் என்பது வயலினுக்குத் தெரிந்திருந்தது. ஆறாம் நாள் பாடிய நகைக்கடை பூதலிங்கம் இதைச் சோதிக்க நினைத்து, வேண்டுமென்றே இதுவரை தொடாத ராகமொன்றை எடுத்தார். வயலின் அவர் வழக்கமாகப் பாடும் மோகனத்தில் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. நான்கு வரி தனியே அலைந்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவன் மத்தியானம் திரும்பி வருவதுபோல மோகனத்துக்கு வந்து சேர்ந்தார். இறங்கி வந்து அவர் சொன்னது: "எனக்கு முன்னாடியே யாரோ போயி ஒவ்வொரு ரூமா லைட்டப் போட்டு வச்ச மாதிரி இருந்துச்சுவே."

வழக்கமாக வயலின்தான் பாடுகிறவரைப் பின்தொடரும். இப்போது பாடுகிறவர்கள் வயலினைக் கவனித்துக் கேட்டார்கள். கேட்டுக் கேட்டுப் பாடியதில் எல்லாரும் கொஞ்சம் நன்றாகப் பாடினார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். காலை ஐந்தரைக்கு அவள் சாதகம் செய்வாள், முந்தின நாள் காலையின் சாதகம் அறையில் கேட்கும். அவள் கணவர் தளவாய் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், சங்கீதத்தில் அவருக்கு ஈடுபாடு கிடையாது, ஆனால் இருபத்தேழு வருஷம் ஒரே வீட்டில் கேட்டிருக்கிறார்.

"நேத்து காலையில யார் மேல கோவம்? ஒவ்வொண்ணும் மொத்து மொத்துன்னு விழுதே."

"உங்க மேலதான்."

"நேத்தே சொல்லியிருக்கலாம்லா. இன்னைக்கு வந்து தெரியுது." தேங்காய் துருவிக்கொண்டே இன்னும் கொஞ்சம் கேட்டார். "இந்தா, இந்த இடத்துல தணிஞ்சிட்டே."

வெள்ளிக்கிழமை மாலை அவள் டாக்டருக்கான கச்சேரியை வாசித்து முடித்தாள். அவர் தோடியை எங்கே தொடங்குவார், எங்கே தனக்குத்தானே "ஆஹா" சொல்லிக்கொள்வார், எல்லாம் கைக்குத் தெரியும். தன் முறை வந்தபோது சரியாக இரண்டு நிமிடம் வாசித்து, யாரும் கையை உயர்த்தாமலே நிறுத்தினாள்.

சனிக்கிழமை டிசம்பர் 29. அவளுடைய நாள் அது, ஊருக்குத் தெரியாவிட்டாலும். காம்போதியை விரிவாக வாசிக்க வேண்டும் என்று இருபத்தைந்து வருஷமாக வைத்திருந்தாள். இருபது நிமிடம், முடிந்தால் இருபத்தைந்து, எந்தக் கையும் உயராமல். ஆனால் காதருகே ஒருவர் தோடி பாடும்போது காம்போதி வாசிப்பது எப்படி? டாக்டரே தன் மருத்துவமனையிலிருந்து பஞ்சு கொண்டுவந்து, இரண்டு உருண்டை உருட்டிக் கொடுத்தார். "நல்லா அமுக்கி வையி. என் பாட்டு கேக்காம இருக்கதுக்கு ஊர்ல பாதிப் பேரு இதக் கேப்பான், ஒனக்கு மட்டும் தாரேன்."

ஆறு மணிக்கு இருவரும் தொடங்கினார்கள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் அதிர்வதை மட்டும் வைத்து வாசித்தாள். வர்ணம் முடிந்தது, இரண்டு சிறிய பாட்டுகள் முடிந்தன, ஆறு ஐம்பதுக்குக் காம்போதியை எடுத்தாள். எடுத்தபோதே தெரிந்துவிட்டது, இன்று அது வருகிறது. ஒவ்வொரு பிடியும் அடுத்த பிடியைத் தானே கூட்டிக்கொண்டு வந்தது, கீழே இறங்கிய இடத்தில் ஒரு வாசல் இருந்தது, அதில் நுழைந்தால் இன்னொரு கூடம் இருந்தது, வேலைக்குப் போய்வரும் வழியில் இருபத்தைந்து வருஷம் வெளியிலிருந்தே பார்த்த வீட்டுக்குள் அவள் ஒவ்வோர் அறையாக நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

ஏழு ஐந்துக்குக் கண்ணைத் திறந்தாள். ஏன் திறந்தாள் என்று பிறகும் அவளுக்குத் தெரியவில்லை. டாக்டரின் கை தெரிந்தது. தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த அந்தக் கை பாதியில், அந்தரத்தில், நின்றிருந்தது.

அவர் அனுபல்லவியில் வரியை மறந்துவிட்டிருந்தார். முப்பது வருஷம் பாடிய தோடி. நேற்று வாசித்த வயலின், அவர் பாடுகிறார் என்ற நம்பிக்கையில், அவரை விட்டுவிட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவர் உதடு இரண்டு முறை அசைந்து மூடியது. பிறகு, வாழ்க்கையில் முதல் முறையாக, மேடையில் கழுத்தைத் திருப்பி ஆவுடைநாயகியைப் பார்த்தார்.

பாடுகிறவர் வரியை விட்டால் எடுத்துக் கொடுப்பது பக்கவாத்தியத்தின் வேலை. அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இது இன்று கேட்காது, நாளைக்குத்தான் கேட்கும், நாளைக்கு இது தன் கச்சேரி என்பது தோன்றியிருக்கும். கை காம்போதியை அந்த அறையிலேயே விட்டுவிட்டுத் தோடிக்குப் போய்விட்டது. அவர் விட்ட வரியை வாசித்தாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், விரல்கள் ஓடுவது தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் மெதுவாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோலச் சின்னச் சின்னதாக, மறுபடி வாசித்தாள். மூன்றாம் முறையும் வாசித்தாள். அதற்குப் பிறகும் விட முடியாமல், அவர் சேர்ந்துகொண்டால் எப்படி வாசிப்பாளோ அப்படியே, அவர் பாடவேண்டிய இடங்களில் இடம் விட்டு, சரணம் முடிய வாசித்தாள். இதற்குள் ஞானதிரவியம் வாத்தியார் நிலைமையைப் பார்த்துத் தானாகவே மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தைத் தொடங்கி, கைவலிக்கக் கைவலிக்க வாசித்து மேடையைத் தாங்கிக்கொண்டிருந்தார்.

டாக்டர் மங்களம் பாடி முடித்தார். எல்லாரும் கவனித்திருந்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள்.

"காலையில சாப்பிடாம சுகர் எறங்கிட்டு" என்று அவர் உள்ளே போய்ச் சொன்னார். "ஆமா டாக்டர்" என்றார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஆவுடைநாயகி தளவாயிடம் சொன்னாள். பதினோரு நிமிடம். காம்போதியின் நடு உச்சியில், கத்தரிக்கோலால் வெட்டியதுபோல, பதினோரு நிமிடம் தோடி.

"அழிச்சிட்டு மறுபடி எடுக்க முடியாதா?"

"ஜெராக்ஸா அது?"

"நாளைக்கு நீ மேடையில ஏறி முதல்லயே ஒரு வார்த்தை சொல்லிரேன். இந்த இடத்துல இப்படி வரும், இன்ன காரணம்னு."

"சொன்னா டாக்டர் மறந்தத மைக்ல அறிவிச்ச மாதிரி ஆவும்." வயலின் பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "இருக்கட்டும். எனக்குத்தான் கண்ணு முழிச்சிட்டு."

ஞாயிற்றுக்கிழமை மாலை மண்டபத்தில் முந்நூறு பேருக்கு மேல். ஆவுடைநாயகி எங்கே உட்கார்வது என்று குழு அரைமணி நேரம் விவாதித்தது. மேடையில் சும்மா உட்கார்ந்தால் நன்றாக இருக்காது, வாசித்தால் நாளை இங்கே நடக்கும் நிச்சயதார்த்தத்தில் கேட்கும். முடிவில் மேடையில் நேற்று அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு, அதன்மேல் ஒன்றும் வைக்காமல் விட்டார்கள், பக்கத்தில் ஞானதிரவியம் வாத்தியார் மட்டும் உட்கார்ந்தார். கச்சேரி செய்கிறவள் மூன்றாம் வரிசையில், கணவர் பக்கத்தில், மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையில் இருந்தாள். டாக்டர் தலைவருக்கான இடத்தில், முன்வரிசை நடுவில்.

ஆறு மணிக்குக் காலி ஜமுக்காளத்திலிருந்து வயலின் எழுந்தது.

கையில் வில் இல்லாமல், யாருடைய வாயையும் பார்க்காமல், அடுத்து என்ன என்று காத்திருக்காமல், அவள் அதைக் கேட்டாள். முதல் பாட்டில் ஒரு ஸ்வரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. இரண்டாவதில் வில்லை அழுத்திவிட்டிருந்தாள். குறைகளையெல்லாம் கணக்கெடுத்துக்கொண்டே வந்தவள் ஆறு ஐம்பதுக்குக் காம்போதி ஆரம்பித்ததும் கணக்கை விட்டுவிட்டாள். இந்தப் பெண் நன்றாகத்தான் வாசிக்கிறாள் என்று நினைத்தாள். இரண்டு நிமிடம் ஆனது, யாரும் கையை உயர்த்தவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ஞானதிரவியம் மிருதங்கத்தின்மேல் கையைக் கோத்துக்கொண்டு கண்மூடி இருந்தார். தளவாய் அவள் முழங்கையை இடித்து, "இதுலாம் வீட்ல வாசிச்சதே இல்லியே" என்றார். ஏழு மணி ஆனது. அவள் இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக்கொண்டாள்.

ஏழு ஐந்துக்குக் காம்போதி நின்றது. தோடி வரி ஒன்று வந்தது.

கூட்டம் புரியாமல் ஒருவரையொருவர் பார்த்தது. நேற்று வந்திருந்தவர்களுக்கு முதலில் புரிந்தது, அவர்கள் பார்வையைத் தரையில் போட்டார்கள். மறுபடி அதே வரி, இன்னும் மெதுவாக, சின்னச் சின்னதாக. முன்வரிசையில் டாக்டரின் தலை நிமிர்ந்தது. நேற்று அந்த விரல்கள் ஓடியதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் அவர் ஒருவர்தான்; அவை என்ன சொல்லின என்று இப்போது கேட்டது.

மூன்றாம் முறை வயலின் வரியைக் கொடுத்துவிட்டு இடம் விட்டபோது, அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, மைக் இல்லாமல், கொஞ்சம் உடைந்த குரலில் பாடினார். வரி வந்துவிட்டது. அடுத்த வரியும் வந்தது. ஞானதிரவியம் அவசரமாகக் கைகளைப் பிரித்து மிருதங்கத்தில் சேர்ந்துகொண்டார். வயலின் வாசித்து நிறுத்தும் இடத்தில் டாக்டர் தொடங்கினார், அவர் மூச்சு வாங்கும் இடத்தில் வயலின் நிரப்பியது, சரணம் முடிந்தது. அவர் முடித்த அதே கணத்தில், ஒரு மூச்சும் பிசகாமல், காம்போதி விட்ட இடத்திலிருந்து எழுந்து போனது.

தளவாய்க்குத்தான் சந்தேகம். "இது கச்சேரியில சேருமா, சேராதா?" என்று காதோரம் கேட்டார்.

அவள் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் கழுத்து தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது.

கடைசியில் பொன்னாடை போர்த்த மேடைக்கு அழைத்தார்கள். டாக்டர் பொன்னாடையைப் பிரித்துவைத்துக்கொண்டு, போர்த்த மறந்து, மைக்கைத் தள்ளிவிட்டு அவளிடம் மட்டும் பேசினார். "எம்மா, நான் ஒன்னய ரெண்டு நிமிஷத்துல நிறுத்திருவேன்லா. ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே."

"நீங்க கையத் தூக்கினா நான் நிறுத்தணும் டாக்டர். இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?"

"நேத்து ஒருத்தரும் கையத் தூக்கலியே. நீயா நிறுத்திட்டியே."

"நேத்து உங்க கை நின்னுபோச்சு" என்றாள்.

விழாக் குழுவின் குறிப்பேட்டில் அன்றைய தேதியில் இரண்டு வரிதான் இருக்கிறது. வயலின் கச்சேரி சிறப்பாக நடந்தது. இடையில் தலைவர் பாடினார்.

வயலின் அதன்பிறகும் நேரத்துக்கு வரவில்லை, யாரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை. விழா அழைப்பிதழில் அடுத்த வருஷத்திலிருந்து பாடுகிறவர் பெயருக்கு எதிரே வயலின் வாசிக்கும் தேதியும் தனியாக அச்சாகியது, ஒன்பதாம் நாள் ஆவுடைநாயகிக்கென்றே நிலைத்துவிட்டது. டாக்டருக்கு மறதி கூடியது. ஊசி போட்டவருக்கே மறுபடி ஊசி போடப் போனார் என்பதால் 2013 ஜூனில் மருத்துவமனையை மூடினார்கள். அந்த மாதத்திலிருந்து சனிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்கு ஆவுடைநாயகி அவர் வீட்டுக்குப் போய்க் கூடத்தில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் தோடி வாசிப்பாள், அவர் காப்பியைக் குடித்துக்கொண்டு, யார் இந்த அம்மாள், ஏன் சத்தமில்லாமல் வாசிக்கிறாள் என்று மனைவி பகவதியிடம் விசாரிப்பார். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வயலின் கேட்கும். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு வரி விடாமல், கூடவே பாடுவார்.

2014 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டாக்டர் திருமலைக்கொழுந்து காலமானார். மூன்றரை மணிக்கு எடுத்தார்கள். மாலை ஐந்து மணி முதல் ஐந்து நாற்பது வரை அவர் வீட்டுக் கூடத்தில் வயலின் கேட்டது. அவர் பாடவேண்டிய இடங்களில் யாரும் பாடவில்லை.